பேசாத பெருக்கியைப் பேச வைப்பது எப்படி?

நீங்கள் முதன்முதலாக ஓர் ஒலிப் பெருக்கியை உங்கள் கையாலேயே கட்டி முடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்மாற்றி, மின்தேக்கிகள், ஐ.சி., அலுமினியத் தகடு என்று ஒவ்வொன்றாகக் காசு சேர்த்து வாங்கியாயிற்று. பற்றாசு வைத்து எல்லாவற்றையும் இணைத்தாயிற்று. வீட்டார் சூழ்ந்து நிற்கிறார்கள். சுவிட்சைப் போடுகிறீர்கள். பாட்டு வரவில்லை. ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் மட்டும் வருகிறது. அல்லது அதுகூட இல்லை.

இப்போது என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் ஐ.சி.யைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை வாங்கிப் போடுவார்கள். பழுது வேறிடத்தில் இருந்தால் புது ஐ.சி.யும் அடுத்த நொடியே எரிந்துபோகும். மறுபடி கடை, மறுபடி செலவு. நாடியைப் பார்க்காமலே மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வைத்தியம் இது.

பழுது கண்டுபிடிப்பதற்குக் கைராசி தேவையில்லை. எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று முன்னதாகக் கணக்கிடவேண்டும், பிறகு அளக்கவேண்டும், இரண்டும் எங்கே மாறுபடுகின்றன என்று பார்க்கவேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியே இதற்குப் பெரும்பாலும் போதும். எப்படி என்று படிப்படியாகக் காண்போம்.

கால்வாய்க் கரையில் ஒரு பாடம்

நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கோதையாற்றின் குறுக்கே 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய்கள் வழியாக வருகிறது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல் போன்ற கால்வாய்களிலிருந்து கிளை வாய்க்கால்களும், குளங்களும், மடைகளும் பிரிகின்றன. கன்னிப்பூ நடவு நேரத்தில் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? வயலில் நின்று வரப்பை வெட்டிக்கொண்டிருக்க மாட்டார். அணைவரைக்கும் அடி அடியாக நடந்து தேடவும் மாட்டார். நடுவழியில் உள்ள ஒரு மடைக்குச் சென்று பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது. ஓடாவிட்டால் அதற்கு மேலே இருக்கிறது. ஒரே பார்வையில் பாதிக் கால்வாய் சந்தேகத்திலிருந்து நீங்கிவிட்டது! மீதிப் பாதியின் நடுவில் அடுத்த மடையைப் பார்ப்பார்.

இதுதான் பழுது தேடும் கலையின் முழு இரகசியம். 8 பகுதிகளில் ஒன்று பழுது என்றால், ஒவ்வொரு சோதனையிலும் பாதியை விலக்கினால், 8, 4, 2, 1 என்று மூன்றே சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

முதலில் உயிர், பிறகு பெருக்கி

அளவியைக் கையில் எடுக்குமுன் சில விதிகள். இவற்றை மீறி எந்தச் சோதனையும் செய்யக்கூடாது.

மின்மாற்றியின் முதன்மைச் சுற்றுக்கு வருவது வீட்டு மின்சாரம், 230 வோல்ட். அது உயிரைக் குடிக்கக்கூடியது. பிளக், சுவிட்ச், ஃபியூஸ், முதன்மைச் சுற்று ஆகிய பகுதிகளின் இணைப்பை மின்பணி அறிந்த பெரியவர் ஒருவரே செய்து தரவேண்டும். திறந்த முனை எதுவும் வெளியே தெரியாதபடி காப்புறை இடவேண்டும். உலோகப் பெட்டியானால் அதை மூன்றாவது பின்னின் வழியாக எர்த்துடன் இணைக்கவேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் மிக நல்லது.

எந்த இணைப்பையும் மாற்றுமுன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஈரக் கையோடும், வெறுங்காலோடும், தனியாகவும் சோதனை செய்யாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் (கடைக்காரர் மொழியில் கண்டன்சர்) மின்னூட்டம் தங்கியிருக்கும். 2200 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 17 வோல்ட்டில் சேமிக்கும் ஆற்றல் ½CV² = ½ × 0.0022 × 17 × 17, அதாவது ஏறத்தாழ 0.32 ஜூல். இது ஆளைக் கொல்லாது. ஆனால் திருப்புளியால் குறுக்கிட்டால் பொறி பறக்கும், அருகிலுள்ள உறுப்பும் கெடும். எனவே 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை அதன் இரு முனைகளிலும் சில விநாடிகள் வைத்து மின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள். பழைய வால்வுப் பெருக்கிகளில் இதே இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். மாணவர்கள் அவற்றைத் திறக்கவே கூடாது.

நம் பெருக்கியின் வரைபடம்

எடுத்துக்காட்டாக, டி.டி.ஏ. 2030 வகை ஐ.சி. கொண்ட பெருக்கியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் எத்தனையோ மாணவர்கள் முதலில் கட்டிய பெருக்கி இதுதான். இந்த ஐ.சி.க்கு 5 கால்கள். 1-ஆம் காலில் ஒலிச் சைகை நுழைகிறது. 2-ஆம் காலுக்கு வெளியீட்டின் ஒரு பங்கு திரும்பி வருகிறது. 3-ஆம் காலுக்கு எதிர் மின்னழுத்தமும் 5-ஆம் காலுக்கு நேர் மின்னழுத்தமும் கொடுக்கவேண்டும். 4-ஆம் கால் ஸ்பீக்கருக்குச் செல்கிறது.

இதில் இரண்டு ‘கால்வாய்கள்’ உள்ளன. முதலாவது மின்சக்தி வழி: பிளக், ஃபியூஸ், 12-0-12 மின்மாற்றி, 4 டயோடுகள் கொண்ட திருத்தி, இரண்டு பெரிய மின்தேக்கிகள், ஐ.சி. இரண்டாவது சைகை வழி: செல்போன், அதன் கம்பி, பெட்டியிலுள்ள சாக்கெட், வால்யூம் கட்டுப்பாடு, உள்ளீட்டு மின்தேக்கி, ஐ.சி., ஸ்பீக்கர் கம்பி, ஸ்பீக்கர். இரண்டும் ஐ.சி.யில் சந்திக்கின்றன. மின்மாற்றியின் நடுமுனையே பொதுப்புள்ளி. ‘கிரவுண்டு’ என்பது இதைத்தான்.

மின்சக்தி வழியைச் சரிபார்க்காமல் சைகை வழிக்குப் போகக்கூடாது. அணையில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் மடையைத் திறந்து என்ன பயன்?

காவலுக்கு ஒரு குண்டு பல்பு

புதிதாகக் கட்டிய பெருக்கியை நேராக மின்சாரத்தில் இணைக்காதீர்கள். இடையில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துத் தரும்படி மின்பணி அறிந்த பெரியவரிடம் கேளுங்கள். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

இது எப்படி வேலை செய்கிறது? முழுப் பிரகாசத்தில் எரியும் 60 வாட் பல்பின் தடை V²/P = 230 × 230 / 60, அதாவது ஏறத்தாழ 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெருக்கி நல்ல நிலையில் இருந்தால் அது எடுக்கும் மின்னோட்டம் சிறிது. மின்தேக்கிகள் நிரம்பும் கணத்தில் பல்பு ஒரு முறை மின்னி, உடனே மங்கிவிடும். உள்ளே எங்கேனும் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு தொடர்ந்து பிரகாசமாக எரியும்; மின்னோட்டம் 60/230, அதாவது 0.26 ஆம்பியருக்கு மேல் போகாது. ஐ.சி.யும் மின்மாற்றியும் பிழைத்துக்கொள்ளும்.

பல்பு பிரகாசமாகவே எரிகிறதா? உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். மின்தேக்கிகளை இறக்கிவிட்டு, அவற்றிலிருந்து ஐ.சி.க்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றி, மறுபடி இணைத்துப் பாருங்கள். இப்போது மங்கினால் பழுது ஐ.சி. பக்கம். இன்னும் எரிந்தால் பழுது திருத்தியிலோ மின்தேக்கியிலோ மின்மாற்றியிலோ இருக்கிறது. வழியை நடுவில் பிரித்தோம் அல்லவா!

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. எதிர்மின் பக்கத்து மின்தேக்கியின் + முனை பொதுப்புள்ளிக்கும், – முனை எதிர்மின் கம்பிக்கும் செல்லவேண்டும். + என்றாலே நேர்மின் கம்பி என்று எண்ணித் தலைகீழாக இணைத்தால் மின்தேக்கி சூடேறி வெடிக்கக்கூடும். முதல் முறை சுவிட்சைப் போடும்போது முகத்தைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

மின்வழங்கியை அளத்தல்

பல்பு மங்கிவிட்டதா? இனி மல்டிமீட்டர். ஸ்பீக்கரை இன்னும் இணைக்கவேண்டாம்.

கருப்புக் கம்பியைப் பொதுப்புள்ளியில் வையுங்கள். மின்மாற்றியின் இரு வெளிமுனைகளிலும் மாறுமின்னழுத்தம் தலா 12 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். பிறகு அளவியை நேர்மின்னழுத்தத்துக்கு மாற்றி இரு பெரிய மின்தேக்கிகளையும் அளந்து பாருங்கள். எவ்வளவு வரவேண்டும்? 12 வோல்ட் என்பது சராசரி வர்க்க மூல மதிப்பு. மின்தேக்கி உச்ச மதிப்புவரை நிரம்பும்: 12 × 1.414 = 17. ஒரு டயோடில் 0.7 வோல்ட் போக, ஏறத்தாழ 16.3 வோல்ட். நேர்ப் பக்கம் +16, எதிர்ப் பக்கம் –16 என்று இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். தொடர் பல்பு இருப்பதால் சற்றுக் குறையலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மின்மாற்றியில் எழுதியுள்ள 12 வோல்ட், முழுப் பளுவில் அது தரும் அளவு. பளு இல்லாதபோது சிறிய மின்மாற்றிகள் 13.5 வோல்ட்கூடத் தரும். அப்போது 13.5 × 1.414 – 0.7 = 18.4 வோல்ட்! டி.டி.ஏ. 2030 தாங்கும் உச்ச எல்லை ±18 வோல்ட்தான். பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில் ஐ.சி. செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ±22 வோல்ட் தாங்கும் ‘2030 ஏ’ வகையைப் போட்டாலோ, 9-0-9 மின்மாற்றியைப் பயன்படுத்தினாலோ இந்தத் தொல்லை வராது. தொடர் பல்பை நீக்கிய பிறகு இந்த அளவை மறுபடியும் சரிபார்க்க மறவாதீர்கள்.

ஸ்பீக்கரை இணைக்குமுன்

அடுத்த அளவுதான் மிக முக்கியமானது. ஐ.சி.யின் 4-ஆம் காலுக்கும் பொதுப்புள்ளிக்கும் இடையே நேர்மின்னழுத்தம் எவ்வளவு? 0 வோல்ட்டை ஒட்டி, 0.1 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

அங்கே +15 வோல்ட்டோ –15 வோல்ட்டோ இருந்தால், ஸ்பீக்கரை இணைத்த கணத்தில் என்ன ஆகும்? 8 ஓம் ஸ்பீக்கரின் கம்பிச் சுருளுக்கு நேர்மின்னோட்டத்தில் தடை ஏறத்தாழ 6 ஓம்தான். V²/R = 15 × 15 / 6 = 37.5 வாட். 10 வாட் தாங்கும் ஸ்பீக்கரில் இவ்வளவும் ஓசையாகாமல் வெறும் வெப்பமாக மாறும். கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நிற்கும்; சுருள் கருகிவிடும். ஒரே ஓர் அளவை எடுக்கத் தவறியதால் பெருக்கியோடு ஸ்பீக்கரும் போய்விடும்.

4-ஆம் கால் ஏன் இப்படி ஒரு பக்கம் சாய்கிறது? இதற்கு எதிர்ப் பின்னூட்டத்தைப் பற்றிச் சிறிது தெரியவேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹரோல்டு பிளாக் 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது இந்தக் கருத்து அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே எழுதிவைத்தார். வெளியீட்டின் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பி உள்ளீட்டோடு ஒப்பிட்டால், பெருக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதே அது.

நம் பெருக்கியில் அந்த வேலையைச் செய்பவை இரண்டு மின்தடைகள். 4-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்கு 22 கிலோ ஓம். 2-ஆம் காலிலிருந்து ஒரு மின்தேக்கி வழியாகப் பொதுப்புள்ளிக்கு 680 ஓம். பெருக்கம் 1 + 22000/680, அதாவது ஏறத்தாழ 33 மடங்கு. 22 கிலோ ஓம் மின்தடையின் ஒரு முனையில் பற்று விட்டிருந்தால் திருத்துவதற்கு ஆளில்லாமல் வெளியீடு ஏதாவது ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே, சாய்வு கண்டால் ஐ.சி.யைக் குறை சொல்லுமுன் இந்த மின்தடையையும், 1-ஆம் காலைப் பொதுப்புள்ளியோடு இணைக்கும் 22 கிலோ ஓம் மின்தடையையும், 3, 5 கால்களுக்கு மின்னழுத்தம் வந்து சேருகிறதா என்பதையும் பாருங்கள். வெளிப்பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து உள்ளே ஒட்டாத பற்றை மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்பார்கள். அது மங்கலாக, மணல்மணலாகத் தெரியும். புதியவர்களின் பெருக்கியில் அடிக்கடி காணும் பழுது இதுதான். இவை எல்லாம் சரியாக இருந்தும் சாய்வு நீங்காவிட்டால், அப்போது ஐ.சி.யை மாற்றலாம்.

பாதியாகப் பிரியுங்கள்

வெளியீடு 0 வோல்ட். ஸ்பீக்கரை இணைத்தாயிற்று. ஆனாலும் பாட்டு இல்லை. இப்போது சைகை வழியில் நடப்போம். அதில் 8 பகுதிகள் உள்ளன: போன், கம்பி, சாக்கெட், வால்யூம், உள்ளீட்டு மின்தேக்கி, ஐ.சி., ஸ்பீக்கர் கம்பி, ஸ்பீக்கர்.

சோதனைக்கு, நல்லவை என்று உறுதியாகத் தெரிந்த வேறு ஒரு போனும் கம்பியும் வேண்டும். போனில் ஒரு செயலி மூலம் 400 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக எழுப்புங்கள். போன் சார்ஜரில் இருக்கக்கூடாது. சோதனைக் கம்பியின் வெளிவலையைப் பொதுப்புள்ளியிலும், உட்கம்பியை 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக வால்யூமின் நடு முனையிலும் வையுங்கள்.

முதல் சோதனை இதுவே. ஒலி கேட்டால் பின்பாதி நான்கும் நல்லவை. பழுது முன்பாதி நான்கில். இரண்டாம் சோதனையாக நல்ல போனையும் நல்ல கம்பியையும் சாக்கெட்டில் செருகுங்கள். ஒலி வந்தால் சாக்கெட்டும் வால்யூமும் நல்லவை. பழுது உங்கள் போனிலோ அதன் கம்பியிலோ. மூன்றாவதாக, நல்ல போனில் உங்கள் கம்பியை மாட்டுங்கள். ஒலி வராவிட்டால் குற்றவாளி கம்பி, வந்தால் போன். மூன்றே சோதனைகள்!

முதல் சோதனையில் ஒலி வராவிட்டால் பின்பாதியை அளந்து பிரிக்கலாம். உள்ளே 0.1 வோல்ட் சைகை சென்றால் 4-ஆம் காலில் 0.1 × 33, அதாவது 3.3 வோல்ட் மாறுமின்னழுத்தம் இருக்கவேண்டும். இருந்தால் ஐ.சி. தன் கடமையைச் செய்துவிட்டது. ஸ்பீக்கரையும் அதன் கம்பியையும் பாருங்கள். இல்லையென்றால் 1-ஆம் காலில் அந்த 0.1 வோல்ட் வந்து சேருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உள்ளீட்டு மின்தேக்கி. வந்தும் பெருகாவிட்டால் ஐ.சி. பக்கம்.

உறுமலுக்கும் சுருதி உண்டு

பாட்டு வருகிறது, கூடவே உறுமலும் வருகிறது. இதற்கு உங்கள் காதே ஒரு கருவி. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அதைத் திருத்தி இரு அரை அலைகளையும் நேராக்கும்போது விநாடிக்கு 100 மேடுகள் வருகின்றன. எனவே 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் வீட்டு மின்சாரம் உள்ளீட்டுக் கம்பியில் தொற்றுகிறது. 100 ஹெர்ட்ஸ் என்றால் மின்வழங்கியிலிருந்து வருகிறது. போனில் 50, 100 என்று மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, காதொலிப்பானில் கேட்டு ஒப்பிடுங்கள். 100 என்பது 50-க்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. இரண்டும் ஒரே ஸட்ஜம். ஓரளவு இசை கேட்டுப் பழகிய காது உடனே சொல்லிவிடும்.

100 ஹெர்ட்ஸ் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? மின்தேக்கி ஒவ்வொரு 10 மில்லி விநாடிக்கும் ஒரு முறை நிரம்புகிறது. இடையில் 1 ஆம்பியர் எடுத்தால் மின்னழுத்தம் It/C = 1 × 0.01 / 0.0022, அதாவது ஏறத்தாழ 4.5 வோல்ட் இறங்கிவிடும். 0.2 ஆம்பியர் எடுத்தால் 0.9 வோல்ட்தான். வயதாகிக் கொள்ளளவு குறைந்த மின்தேக்கியில் இந்த இறக்கம் இன்னும் மிகும். சத்தத்தைக் கூட்டும்போது உறுமல் மிகுமானால் முதலில் பெரிய மின்தேக்கிகளைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது. 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.01 ஓம் தடை கொண்டது. இதைப் போய் யார் கணக்கில் எடுப்பார்கள்? பெரிய மின்தேக்கிகளை நிரப்பும் 1 ஆம்பியர் துடிப்பும், உள்ளீட்டின் மெல்லிய சைகையும் பொதுப்புள்ளிக்குத் திரும்ப அந்தக் கம்பியையே பகிர்ந்துகொண்டால், அதில் 0.01 வோல்ட் தோன்றும். பெருக்கி அதைச் சைகை என்று நம்பி 33 மடங்காக்கும்: 0.33 வோல்ட் உறுமல்! தீர்வு, உள்ளீட்டின் பொதுக்கம்பி, ஸ்பீக்கரின் பொதுக்கம்பி, மின்வழங்கியின் பொதுக்கம்பி எல்லாம் தனித்தனியே வந்து ஒரே புள்ளியில் சேரவேண்டும். பாசன வாய்க்காலையும் வடிகாலையும் ஒன்றாக வெட்டுவார்களா?

இங்கும் பாதியாகப் பிரிக்கலாம். வால்யூமை முழுவதும் குறையுங்கள். உறுமல் நின்றால் அது வால்யூமுக்கு முன்னால் நுழைகிறது. நிற்காவிட்டால் பின்னால் நுழைகிறது. போனின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால், பெருக்கியில் குறையே இல்லை; சார்ஜரின் கசிவு மின்னோட்டம்தான் சைகைக் கம்பி வழியே வந்துகொண்டிருந்தது.

சூடு சொல்லும் செய்தி

ஐந்து நிமிடம் பாடுகிறது, நிற்கிறது, சற்றுக் கழித்துத் தானே பாடுகிறது. இது பழுதன்று, பாதுகாப்பு. இந்த ஐ.சி. அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகடு (ஹீட் சிங்க்) சிறிதாக இருக்கிறது, அல்லது ஐ.சி. அதோடு சரியாகப் படியவில்லை என்று பொருள்.

பாட்டே இல்லாதபோதும் சூடாகிறதா? அப்படியானால் பெருக்கி நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் தானாக அலைந்துகொண்டிருக்கக்கூடும். 4-ஆம் காலிலிருந்து பொதுப்புள்ளிக்கு 1 ஓம் மின்தடையும் 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இருக்கின்றனவா? 3, 5 கால்களின் அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இருக்கின்றனவா? இவை வேண்டாதவை என்று எண்ணி விட்டுவிடுபவர்கள் பலர். அலைச்சலை அடக்குபவை இவையே.

மேலும் ஒன்று: இந்த ஐ.சி.யின் உலோக முதுகு உள்ளே 3-ஆம் காலோடு, அதாவது எதிர்மின் கம்பியோடு இணைந்துள்ளது. அலுமினியத் தகடு பெட்டியைத் தொடுமானால் ஐ.சி.க்கும் தகட்டுக்கும் இடையே மைக்காத் தகடும், திருகுக்குக் காப்பு வளையமும் இடவேண்டும்.

கடற்காற்றும் இரண்டு மழைக்காலமும்

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் உண்டு. முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் உண்டு. நேற்றுவரை நன்றாகப் பாடிய பெருக்கி இன்று கரகரக்கிறது என்றால் முதலில் இணைப்பு முனைகளைப் பாருங்கள். செம்பில் பச்சை படிந்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தின்மேல் மின்சாரத்தை எளிதில் கடத்தாத படலத்தை உண்டாக்குகின்றன. மில்லிவோல்ட் அளவிலான சைகை அதைக் கடக்கமுடியாமல் தடுமாறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு முனைகளைச் சுரண்டித் துடைத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அதன் நடு முனையில் நேர்மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் உள்ளீட்டு மின்தேக்கி கசிகிறது. இல்லையென்றால் உள்ளே தூசியோ தேய்மானமோதான். இடி மின்னல் நேரத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

நலமாக இருக்கும்போதே எழுதிவையுங்கள்

பெருக்கி பேசத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. ஒரு தாளில் சுற்றுப்படத்தை வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் நீங்கள் அளந்த மின்னழுத்தத்தைக் குறித்து, தேதி எழுதிப் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு பழுதானால் எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். நலமாக இருந்தபோது உடல் எப்படி இருந்தது என்று தெரிந்த வைத்தியருக்கு நோயைக் கண்டுபிடிப்பது எளிது.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடுவே நின்றுபோன மைக் செட்டானாலும், பள்ளி ஆய்வகத்தில் ஓடாத மின்சுற்றானாலும், வழி இதுவே. முதலில் பாதுகாப்பு; பிறகு கணக்கு; பிறகு அளவு; ஒவ்வொரு அளவிலும் பாதியை விலக்குதல். உறுப்பை மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

சிந்திக்க மூன்று வினாக்கள்

1. 16 பகுதிகள் உள்ள ஒரு வழியில் ஒன்று மட்டும் பழுது. பாதி பாதியாக விலக்கினால் எத்தனை சோதனைகள் வேண்டும்?

2. வால்யூமைக் குறைத்தாலும் உறுமல் மாறவில்லை; அதன் சுருதி 100 ஹெர்ட்ஸ். முதலில் எதை ஆராய்வீர்கள்?

3. தொடர் பல்பு பிரகாசமாக எரிகிறது. ஐ.சி.யை அலுமினியத் தகட்டிலிருந்து கழற்றியதும் மங்கிவிட்டது. தகடு உலோகப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டி பொதுப்புள்ளியோடு இணைந்துள்ளது. என்ன நடந்தது?

விடைகள்: (1) நான்கு. (2) மின்வழங்கியின் பெரிய மின்தேக்கிகளையும், பொதுக்கம்பிகள் சேரும் முறையையும். (3) ஐ.சி.யின் உலோக முதுகு வழியாக எதிர்மின் கம்பி தகட்டையும் பெட்டியையும் தொட்டுப் பொதுப்புள்ளியோடு குறுக்குச்சுற்றானது. மைக்காத் தகடும் காப்பு வளையமும் இட்டால் சரியாகும். ஐ.சி. நல்லதாகவே இருக்கக்கூடும், அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள்!